பேசாமல் போன கச்சேரி

"தம்பி, நாளைக்கு மணப்பாறைப் பக்கம் புரோகிராமுக்கு நீங்கதான் வாசிக்கிறீங்களாமே?" என்று அவர் கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். "எவ்வளவு பேசியிருக்கீங்க?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் பேசலண்ணே" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "பேசாம போகாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பதினொரு ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் அடிச்சுரங்களை மீட்டும் நான்கு கம்பிக் கிட்டார், வாசித்து வருகிறேன். அந்தக் காலத்தில் மேடையில் நடந்த எத்தனையோ தவறுகள் மறந்துபோயிருக்க, அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போக மறுக்கிறது. தொகை பேசிக்கொள்ளாமல் கச்சேரிக்குப் போகக் கூடாது என்று தொழிலில் மூத்தவர் ஒருவர் சொன்ன புத்திமதியாக அதை முதலில் எடுத்துக்கொண்டேன். வண்டியில் போகும்போது, "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாயே" என்ற ஆதங்கமாக அது கேட்டது. இப்போதெல்லாம், நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டு, அதைப் பொய் என்று சொல்ல மனமில்லாமல் அவர் தேர்ந்தெடுத்த வார்த்தைகளாகவே அவை படுகின்றன. மூன்றில் எது சரி என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

உண்மையில் பேச்சு நடந்திருந்தது. புதன்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து கிளம்பும் நேரத்தில் குழுவை நடத்துபவர் அழைத்தார். சனிக்கிழமை அம்மன் கோயில் திருவிழா என்றும், வழக்கமாக வாசிப்பவருக்கு அன்றைக்கு வசதிப்படவில்லை என்றும் சொன்னார். வழக்கமாக வாசிப்பவர் யார் என்று எனக்குத் தெரியும்: பிறகு என்னை அழைத்துத் தொகை கேட்ட அதே அண்ணன்தான். "உங்களுக்கு என்ன சார் கொடுக்கணும்?" என்று கேட்டபோது, "பெட்ரோலுக்குக் கொடுத்தாப் போதும், மத்தது உங்க இஷ்டம்" என்றேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. கலைக்காகத்தான் வாசிக்கிறேன், காசுக்காக அல்ல என்பதைச் சொல்லிக்கொள்ளும் ஒரு வழியாக அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். தொகை என்று ஓர் எண் எங்கள் பேச்சில் வரவே இல்லை என்பதால், வெள்ளிக்கிழமை நான் சொன்னது முழுப்பொய் அல்ல என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் என்னவென்று அந்த நொடியில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் வாங்குவது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். திருவிழாக் கச்சேரிக்கு அது பெரிய தொகை இல்லை. மாலை நான்கு மணிக்கு வேனில் ஏறினால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்ப முடியும். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்த பிறகு இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும், சிறப்பு அனுமதி இருந்தால்தான் அதைத் தாண்டலாம் என்று ஆகிவிட்டது. விடிய விடிய நடந்த கச்சேரிகள் மூன்று மணி நேரத்துக்குச் சுருங்கின. நேரம் சுருங்கியதைக் காட்டித் தொகையையும் சுருக்குகிறார்கள். வாசிப்பவர் வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் நேரம் மட்டும் சுருங்கவில்லை. அதிலும் ஆண்டு முழுவதும் கச்சேரி கிடையாது. பங்குனியும் சித்திரையும், பிறகு ஆடியில் அம்மன் கோயில்கள், இடையிடையே முகூர்த்த நாள் வரவேற்புகள் என்று கிடைக்கிற இரவுகளில்தான் ஒருவர் மற்ற மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பாதித்தாக வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை.

2020இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது மார்ச் மாதக் கடைசியில், சரியாகப் பங்குனித் திருவிழாக்களின் நேரத்தில். அடுத்த ஆண்டும் சித்திரை முடியும் தறுவாயில் மறுபடியும் ஊரடங்கு. என் வங்கிக் கணக்கில் அந்த இரண்டு ஆண்டுகளிலும் மாதம் தவறாமல் சம்பளம் வந்தது. கச்சேரி இல்லாத மாலைகளில் வீட்டிலிருந்தபடியே புதிய கம்பிகளை மாட்டி, விரும்பிய பாடல்களையெல்லாம் நிதானமாகக் கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் வாசிப்பு தேறியதே அந்தக் காலத்தில்தான். அவர் தம்முடைய ஆம்ப்ளிஃபையரை விற்றார். விற்ற செய்தி எனக்கு வந்தபோது, வாங்கியவர் என்ன விலை கொடுத்தார் என்றுதான் நான் விசாரித்தேன்.

இத்தனையும் தெரிந்த நான் எப்படி அந்தத் தேதியை ஒப்புக்கொண்டேன் என்று யாராவது கேட்டால், அவருக்கு வசதிப்படவில்லை என்று சொன்னார்கள், நம்பினேன் என்பேன். அது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை அவர் அழைத்த பிறகு அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. வசதிப்படாதவர் முந்தின நாள் இரவு எட்டரை மணிக்கு அழைத்துத் தொகை கேட்க மாட்டார். அப்போதே குழு நடத்துபவரைக் கூப்பிட்டு, "அண்ணன் ஃப்ரீயாத்தான் இருக்காரு, அவரையே கூட்டிட்டுப் போங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். கைப்பேசியைக் கையில் வைத்தபடி மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கிறது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து இருபத்திரண்டு பாடல்களுக்குக் கார்டு (chord), அதாவது எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு என்ற குறிப்பு, எழுதி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் ஆளை மாற்றினால் குழுவுக்குச் சிரமம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவருக்கோ அந்தப் பாடல்கள் எதற்கும் கார்டு தேவைப்பட்டிருக்காது. சிரமப்பட்டிருக்கக் கூடியவன் நான் மட்டும்தான். மேடை ஏறாத அந்தச் சனிக்கிழமையைத் தாங்க முடியாதவனும் நான்தான்.

கச்சேரியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் இளையராஜா இசையமைத்த ஒரு பாடலை மூன்று கட்டைச் சுருதியில் எழுதி வைத்திருந்தேன். மூன்று கட்டை என்றால் மேற்கத்திய இசையில் 'ஈ' (E) என்ற சுரம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் திறந்து மீட்டினால் வரும் சுரம் அது. அந்தக் காலத்துப் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறுமனே தாளத்தோடு அடித்துக்கொண்டு போகாது, பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டாகவே ஓடும். அந்தத் திறந்த கம்பிதான் அதற்குத் தரை. பாடகருக்கு அன்று தொண்டை சரியில்லை. அறிவிப்பாளர் அடுத்த பாடலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரும்பி, "அரைக்கட்டை குறைச்சுக்கலாம்" என்றார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இரண்டரைக் கட்டையின் அடிச்சுரம் அந்தத் திறந்த கம்பிக்கும் கீழே இருப்பதால், என் நான்கு கம்பிகளில் அது கிடையாது. கம்பியைத் தளர்த்தவும் எனக்குத் துணிவு வரவில்லை. சுருதி பிசகினால் ஊருக்கே கேட்கும். ஆகவே முழு வரியையும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்தேன். யாரும் தவறு என்று சொல்லவில்லை, சுரங்களும் பிசகவில்லை. பாட்டு மட்டும் தரையில் கால் பாவாமல் மிதந்தது. கீபோர்டுக்காரர் இடது கையால் அடியில் ஒரு பேஸ் ஒலியைச் சேர்த்த பிறகுதான் அது நிலைகொண்டது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பில் அதே இக்கட்டில் அவர் என்ன செய்தார் என்பதை மேடையின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு, கிட்டாரின் மேல்கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டார். இடது கையால் முறுக்காணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பியை மெல்லத் தொட்டுத் தொட்டு விட்டது. ஒலிபெருக்கியில் எதுவும் கேட்கவில்லை. மரத்தின் அதிர்வு தாடையெலும்பு வழியாக அவருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் பாடலாசிரியரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாடையை எடுத்து, வால்யூமைத் திறந்துவிட்டார். அன்றைக்கு என்னிடம், "பாடுறவர் மூச்சு விடுற இடத்தில நீங்களும் விட்டுடுங்க தம்பி, அங்க வாசிக்காதீங்க" என்று ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தார். இன்று வரை என் வாசிப்பில் நன்றாக இருக்கிறது என்று யாராவது பாராட்டுவது அந்த இடைவெளிகளைத்தான்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது குழு நடத்துபவர் ஓர் உறையைக் கொடுத்தார். எண்ணூறு ரூபாய் இருந்தது. "சார் தப்பா நினைக்கக் கூடாது. இனிமே சின்ன புரோகிராமுக்கெல்லாம் கீபோர்ட்லயே பேஸ் போட்டுக்கலாம்னு பாக்குறோம். இன்னைக்குப் பாத்தீங்கல்ல, கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியல" என்றார். தெரியாமலா போனது என்று கேட்க வாய் வந்தது. தடித்த கம்பியின் ஒலி ஒரு நொடிக்கு 41 முறை அதிரும் ஒலி. அதன் ஒரு அலையே எட்டு மீட்டருக்கு மேல் நீளம். காதில் பேஸ் என்று பிரித்துக் கேட்காதவர்களின் மார்பிலும் நாற்காலியிலும் அது போய் உட்காரும். அது இல்லாதபோது என்ன குறைகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்பதற்காகக் குறையவில்லை என்று ஆகிவிடுமா? ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லும் தகுதியை நானே இழந்திருந்தேன். அடிச்சுரம் இல்லாமல் ஒரு பாட்டை ஓட்டிக்காட்டியவன் நான்.

இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனத்தில் ஓடுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்த இடத்தில் எண்ணூறு போதும் என்று நான் காட்டினேன். எண்ணூறு போதும் என்று ஆன இடத்தில் ஒன்றுமே கொடுக்காமல் விட்டாலும் நடக்கும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். உடனே இதற்கு எதிர்வாதமும் வருகிறது. கீபோர்டின் இடது கை பேஸை விழுங்கத் தொடங்கியது என்னால் அல்ல. நான் மேடை ஏறுவதற்கு முன்பே பதிவுசெய்த இசையை ஓடவிட்டுப் பாடுவது வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை நான் போகாமல் இருந்திருந்தால் மட்டும் இது எதுவும் நின்றிருக்காது. இந்த எதிர்வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. இருந்தும் அது எனக்கு நிம்மதி தரவில்லை. நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் என்பது நான் செய்யவில்லை என்பதாகாது.

தொழில்முறைக்காரர்கள் இருக்கும் இடத்தில் அமெச்சூர்கள் வாசிக்கவே கூடாது என்றும் என்னால் முடிவுகட்ட முடியவில்லை. நண்பன் வீட்டுக் கல்யாணத்திலும் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் பாடற்குழுவிலும் காசு வாங்காமல்தான் வாசிக்கிறேன், இனியும் அப்படித்தான் செய்வேன். அங்கே எனக்கு முன்பு யாரும் கூலிக்கு வாசிக்கவில்லை என்பது ஒரு வேறுபாடு. மற்ற மேடைகளில் அவர் வாங்கும் அதே தொகையைக் கேட்பது என்று அந்த மாதமே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நேர்மையான விதி என்று நினைத்தேன். அதைச் சொன்ன பிறகு ஒரு வருடத்தில் எனக்கு வந்த அழைப்புகள் மூன்றுதான். அதில் கடைசியாக வந்ததற்கு, விதியைத் தளர்த்தி ஆயிரத்து ஐந்நூறுக்குப் போனேன். வாசிக்காமல் நான்கு மாதம் ஆகியிருந்தது, விரல் நுனியில் காய்ப்பு உரியத் தொடங்கியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்கிறேனே தவிர, நியாயமாகச் சொல்லவில்லை.

அந்த எண்ணூறு ரூபாயை அவருக்கு அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். பாதியையாவது அனுப்பலாம் என்று ஒருமுறை அவருடைய எண்ணைத் திறந்து தொகையைக்கூட அடித்துவிட்டேன். ஒரு கலைஞருக்கு அவர் வாசிக்காத கச்சேரியின் கூலியை அனுப்புவது பிச்சையைப் போல ஆகிவிடும் என்று தோன்றியதால் அழித்தேன். இன்னொருவர் வீட்டு விசேஷத்தில் ஒருமுறை நேரில் பார்த்தபோது, "வாசிக்கிறீங்களா தம்பி?" என்று வழக்கமான கனிவோடுதான் கேட்டார். "அப்பப்பண்ணே" என்றேன். என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அவர் மனத்தில் எதுவும் இல்லையோ, நான்தான் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் புழுங்குகிறேனோ என்று அன்றிரவு நினைத்தேன். அவருடைய வலது கை நகங்கள் வளர்ந்திருந்தன என்பதையும் கவனித்திருந்தேன். விரலால் பேஸ் மீட்டுபவர் நகம் வளர்ப்பதில்லை.

பத்து நாள்களுக்கு முன் அதே குழு நடத்துபவர் மறுபடி அழைத்தார். வைகாசியில் ஒரு பெரிய திருவிழா, விழாக் குழுவினர் முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்கிறார்கள், பேஸ் இல்லாமல் முடியாது என்றார். நான் தயார்செய்து வைத்திருந்ததைப் போலச் சொன்னேன்: "அண்ணன் நம்பர் தர்றேன், அவரைக் கூப்பிடுங்க. எனக்கு அவர் வாசிச்சாத்தான் சந்தோஷம்."

"அவரு நம்பர் எங்கிட்ட இல்லையா சார்?" என்றார். "அவருகூட நான் பதினாறு வருஷம் வேன்ல போயிருக்கேன். உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வைகாசி நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் தொகை எழுதும் இடம் காலியாக இருக்கிறது. இன்னும் நான் இருவரில் யாரையும் அழைக்கவில்லை.