நாகலிங்கப் பூவும் மூன்று ரப்பரும்

அத்தைக்கு இந்த வருஷம் அறுபது. கடை வாழ்த்து அட்டை கொடுத்தால் பின்பக்க விலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே படிப்பார். அதனால் நானே செய்ய உட்கார்ந்தேன்.

எந்தப் பூ என்பதில் யோசனையே இல்லை. நாகலிங்கம்தான், புதுச்சேரியின் மாநில மலர். (யூனியன் பிரதேசத்துக்கு ஏது மாநில மலர் என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

பென்சில் ரப்பரில் வடிவத்தைச் செதுக்கி, மை தொட்டு, முத்திரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பதுதான் திட்டம். ஒரு பூவுக்கு மூன்று ரப்பர். முதலாவதில் ஆறு இதழ்களின் முழு வடிவம், வெளிர் ரோஸ் மை. இரண்டாவதில் இதழின் அடியில் விழும் நிழல் மட்டும், அடர் சிவப்பு. மூன்றாவதில் படமெடுத்து நிற்கும் அந்த மகரந்தக் கொத்து. வெளிர் நிறத்தில் தொடங்கித்தான் அடர்நிறத்துக்குப் போக வேண்டும்.

சறுக்கியது காகிதத்தில். பருத்தித் துணிக் கழிவில் செய்த கைக்காகிதம், தொட்டாலே ஆசையாக இருக்கும். ஆனால் மேட்டில் மட்டும் மை பிடித்து, பள்ளமெல்லாம் வெள்ளையாக நின்றது. போதாததற்கு மூன்றாவது அச்சு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்த மகன் கேட்டான்: "அம்மா, இது இறாலா?"

மறுநாள் ஒவ்வொரு ரப்பரின் முதுகிலும், ஒரே இதழின் நுனிக்கு நேராகப் பேனாக்கோடு போட்டுக்கொண்டேன். வழவழப்பான அட்டையில் அச்சடித்து, கத்தரித்து, ஃபோம் டேப்பால் கைக்காகிதத்தின் மேல் ஒட்டினேன். ஓரத்தில் நிழல் விழ, பூ எழுந்து நின்றது.

இறாலை மகன் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான்.