முதலில் ஆஸ்பத்திரி, பிறகு டூலா: காரைக்குடிப் பக்கம் பிரசவத் துணை தேடுபவர்களுக்கு

சுகப்பிரசவத்துக்கு டூலா (வலி நேரத்தில் கூடவே இருக்கும், பயிற்சி பெற்ற துணைப் பெண்) வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியதும் எல்லோரும் டூலாவைத்தான் முதலில் தேடுகிறார்கள். நாங்கள் ஆஸ்பத்திரியை முதலில் முடிவு செய்தோம். காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் இந்த வரிசைதான் சரிவரும். பிரசவ அறைக்குள் விட டாக்டர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு கெட்டிக்கார டூலாவும் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் ஒன்றைப் புரியவைக்க வேண்டும். டூலா மருத்துவம் பார்ப்பவர் இல்லை. வலி நேரம் முழுக்கக் கூடவே இருந்து இடுப்பை அழுத்திவிடுவது, நடக்க வைப்பது, தைரியம் சொல்வது அவர் வேலை. உள்பரிசோதனை செய்யவோ மருந்து கொடுக்கவோ கூடாது. நம் நாட்டில் டூலாவுக்கு அரசு உரிமம் கிடையாது. அவர் காட்டும் சான்றிதழ் பயிற்சி கொடுத்த அமைப்பினுடையது. மிட்வைஃப் வேறு: அவர் பிரசவம் பார்க்கவே நர்சிங் படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் இவர்களுக்கென்றே 18 மாதக் கூடுதல் பயிற்சி வகுக்கப்பட்டது. அதை முடித்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

"நாங்களெல்லாம் இரண்டாங்கட்டு அறையில்தான் பிறந்தோம், மருத்துவச்சிதான் பார்த்தாள்" என்று ஆயா (பாட்டி) சொல்வார்கள். அதை மறுத்துப் பேச வேண்டாம். ஆனால் வீட்டுப் பிரசவத்துக்கு நாங்கள் உடன்பட மாட்டோம். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனாலே அது ஆபத்துக் கணக்கு. கருப்பை சுருங்காமல் தளர்ந்துபோனால் நிமிடங்களில் அந்த அளவைத் தாண்டும். அப்போது ஊசி மருந்தும் இரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை 20 வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். உள்ளே எத்தனை பேர் வரலாம்? வலி வந்த பிறகு நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா? குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பெல்ட் கட்டிப் பார்ப்பீர்களா, இடைவெளி விட்டா? சிக்கல் இல்லாத பிரசவத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறப்புறுப்பில் வெட்டுப் போடுவது எல்லோருக்குமா, தேவைப்பட்டால் மட்டுமா? தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8 என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆகவே, "உங்களிடம் தலைப்பிரசவத்தில் எத்தனை சிசேரியன்?" என்பது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது. பதிலைவிட, கேள்வி கேட்டதும் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் கணக்கு வேறு. பொது வார்டு ஆகையால் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்குத்தான் அனுமதி. அந்த இடத்தை டூலாவுக்குக் கொடுப்பதா, பெற்ற தாய்க்கா என்று வீட்டில் சண்டை வரும். அம்மாவோ சித்தியோ உள்ளே போகட்டும். டூலாவிடம் முன்கூட்டியே அவர் பயிற்சி எடுக்கட்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகெலும்பு முடியும் இடத்தில் வலி ஏறும்போது அழுத்துவது, அரைமணிக்கு ஒருமுறை நிலை மாற்றுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வைப்பது (சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குழந்தையின் தலை இறங்கத் தடையாகலாம்) இவற்றைப் பழகிக்கொண்டால் பெரும் பலன். 26 ஆய்வுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2017 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பும், இடைவிடாத துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்றே சொல்கிறது.

அடுத்தது தூரம். டூலா மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருபவர் என்றால் காரைக்குடிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எதில் கிளம்புவார்? தலைப்பிரசவ வலி நீளும், வந்து சேர்ந்துவிடலாம். இரண்டாவது பிரசவம் வேகமாக முடியும்; அதற்கு வெளியூர் டூலா 38 வாரத்திலிருந்து ஊரிலேயே தங்கினால்தான் பயன். நம் வீடுகளில் அறைக்குப் பஞ்சமில்லை. சாப்பாடு, தங்கல், கார் செலவு யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

24 வாரத்திலிருந்து 28-க்குள் இரண்டு மூன்று பேரிடமாவது பேசுங்கள். "நூறு சதவீதம் நார்மல் ஆக்கித் தருகிறேன்" என்பவரை விட்டுவிடுங்கள். ஸ்கேன் வேண்டாம், இரும்புச் சத்து மாத்திரை வேண்டாம், தடுப்பூசி வேண்டாம் என்பவர் ஆபத்தானவர். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை; அது கடுமையாக இருந்தால் சாதாரண இரத்தப்போக்கே ஆபத்தாகலாம். டாக்டரோடு மல்லுக்கட்டுவதைப் பெருமையாகச் சொல்பவரும் வேண்டாம். அந்தக் கோபம் படுத்திருப்பவள் மேல்தான் விழும். "சிசேரியன் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தியேட்டர் வாசலில் காத்திருந்து, வெளியே வந்ததும் பால் கொடுக்க உதவுவேன் என்று சொல்பவர் வேலை தெரிந்தவர். விளக்கெண்ணெய் குடித்து வலி வரவழைக்கச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டுபோகும்.

பேசியதை எழுத்தில் வையுங்கள்: முன்னால் எத்தனை சந்திப்பு, 37 முதல் 42 வாரம் வரை அழைத்தால் வருவாரா, வர முடியாவிட்டால் மாற்று யார், முன்பணம் எவ்வளவு. சிசேரியன் ஆனாலும் சம்பளம் உண்டு என்பதை மனசுக் கசப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சூட்டு வலிக்கு (பொய் வலிக்கு) பதறி ஓடினால் காரியம் கெடும். சீரகத் தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுத்து ஒரு மணி நேரம் பாருங்கள். 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 1 நிமிடம் நீடித்து, 1 மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம். கருப்பை வாய் திறக்காமலே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் வலியை வேகப்படுத்த ட்ரிப்ஸ் ஏற்றும் வாய்ப்பு கூடும். ஆனால் பனிக்குட நீர் உடைதல், இரத்தம் படுதல், குழந்தை அசைவு குறைதல், தலைவலியோடு கண் மங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் டூலாவுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சேனை வைக்க (பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தண்ணீர் தொட்டு வைக்க) உறவினர் கூடும்போது டூலாவின் இதமான பேச்சு உதவும்: முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் தொடங்க வேண்டும்; ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு உணவோ தண்ணீரோ குழந்தையின் நாக்கில் படக்கூடாது. பிறந்த பின் அவர் வரும் நாளை மூன்றாம் அல்லது நான்காம் நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். பால் கட்டுவதும் காம்பு புண்ணாவதும் அப்போதுதான்.