சேற்றுப் புட்டியில் ஆக்ஸிஜனுக்கு முந்தைய வாழ்க்கை

உயிர்களின் நெடுவரலாற்றில் டைனோசர்களைவிட நுண்ணுயிர்களின் காலமே என்னை அதிகம் ஈர்ப்பதால், 1880களில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி வகுத்த சேற்றுத்தூண் சோதனையைச் செய்து பார்த்தேன். குளத்துச் சேற்றிலிருந்து கற்களையும் குச்சிகளையும் நீக்கி, அதில் ஒரு பங்குடன் கிழித்த செய்தித்தாள், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, பொடித்த முட்டையோடு ஆகியவற்றைப் பிசைந்து, உயரமான கண்ணாடிப் புட்டியின் அடியில் இட்டேன். தாளும் ஓடும் கார்பனுக்கு. மஞ்சள் கரு கந்தகத்துக்கு. அதன்மேல் வெறும் சேறு, அதற்கும் மேல் குளத்து நீர். வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்காமல், நேர்வெயில் படாத சன்னலோரத்தில் வைத்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்புத் தாள் ஒட்டினேன்.

முதலில் வந்தது அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத அடிச்சேற்றில் பாக்டீரியாக்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு, சேற்றிலுள்ள இரும்புடன் வினைபுரிந்து அடிப்பகுதியைக் கருக்கச் செய்தது. அடுத்து மேற்பரப்பில் நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா படர்ந்தது. வாரங்கள் சென்ற பின்னரே நான் எதிர்பார்த்திருந்த ஊதாக் கந்தக பாக்டீரியாவின் திட்டுகள் நடுப்பகுதியிலும், சல்ஃபைடை இன்னும் அதிகமாகத் தாங்கும் பச்சைக் கந்தக பாக்டீரியாவின் மங்கிய பட்டை அதற்குக் கீழேயும் தோன்றின. கறுப்புத் தாளை விலக்கியபோது அந்தப் பக்கத்தில் இந்த நிறங்கள் எதுவும் இல்லை. ஊதாவும் பச்சையும் ஒளியை நம்பி வாழ்பவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை வீட்டில் பெறுவது கடினம்.

இந்தக் கந்தக பாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கைக்கு நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்துவதால் ஆக்ஸிஜனை வெளியிடுவதில்லை. நீரைப் பிளந்து ஆக்ஸிஜனை வெளியிடும் சயனோபாக்டீரியாவின் முறைக்கு இம்முறை முந்தியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 454 கோடி ஆண்டு வயதுள்ள புவியின் காற்றில் ஆக்ஸிஜன் நிலையாகச் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தாவர இலைகளின் பசுங்கணிகமும், விழுங்கப்பட்டுச் செரிக்கப்படாமல் தங்கிவிட்ட ஒரு சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றலே.

எனினும் புட்டியின் அடுக்குகளைப் பாறை அடுக்குகளைப்போலக் கீழே பழையது, மேலே புதியது என்று படிப்பது தவறு. அங்குள்ள எல்லா உயிர்களும் இன்றைய உயிர்களே. அடுக்குகளைப் பிரிப்பது காலமன்று, மேலிருந்து இறங்கும் ஆக்ஸிஜனும் கீழிருந்து ஏறும் சல்ஃபைடும் ஒளியுமே. பழைய வாழ்க்கைமுறை அழியவில்லை. ஆக்ஸிஜன் எட்டாத இடத்துக்கு ஒதுங்கியது. இன்று சேற்றின் மூலைகளுக்குள் அடங்கிவிட்ட இவை ஒருகாலத்தில் கடல்நீரிலேயே செழித்தன: வட ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பகுதியில், 164 கோடி ஆண்டுப் பழமையான கடற்படிவப் பாறைகளில், ஊதா, பச்சைக் கந்தக பாக்டீரியாக்களுடைய நிறமிகளின் மூலக்கூறு எச்சங்கள் கிடைத்துள்ளன. ஒளி எட்டும் ஆழத்திலேயே அக்கடலில் சல்ஃபைடு இருந்திருக்க வேண்டும்.

அடுத்ததாக, மஞ்சள் கரு சேர்க்காத இன்னொரு புட்டியை இதன் அருகிலேயே வைத்திருக்கிறேன். கந்தகம் குறைந்தால் ஊதாத் திட்டுகளும் குறைய வேண்டும். இப்போதைக்கு அதன் மேற்பரப்பில் மட்டுமே பச்சை தெரிகிறது.