இரண்டு சீட்டு, இரண்டு சின்னம்: 1967 கூட்டணி

1967 பிப்ரவரியில் மதுரை மத்தியத் தொகுதியில் ஓட்டுப் போடப் போன தி.மு.க.காரர் கையில் இரண்டு சீட்டு. சட்டமன்றத்துக்கு உதயசூரியனில் குத்த வேண்டும். நாடாளுமன்றத்துக்கு அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தில்; அங்கே நின்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ராமமூர்த்தி. வெறும் நட்சத்திரம் என்றால் ராஜாஜியின் சுதந்திரா கட்சி, அதுவும் காங்கிரசுக்கு எதிரான இதே தி.மு.க. கூட்டணிதான். வீடு வீடாகச் சின்னம் சொல்லிக்கொடுத்த தொண்டர் பாடு திண்டாட்டம்.

1952-ல் முதல்வரானபோது, கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. அதே தேர்தலில் சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தவர் ராமமூர்த்தி. 15 வருஷத்தில் இருவரையும் ஒரே அணியில் சேர்த்தது 1962 கணக்கு. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம், பிடித்ததோ 206-ல் 139 இடம். எதிர் ஓட்டு பாதிக்கு மேல் இருந்தும் சிதறிப்போனது. பிறகு 1965 ஜனவரி 25-ல் மதுரையில் பற்றிக்கொண்ட இந்தி எதிர்ப்புக் கலவரம், அரிசித் தட்டுப்பாடு. கோபம் தயாராக இருந்தது; அதை ஒரே பெட்டியில் விழவைப்பதுதான் பாக்கி.

பொதுத் திட்டம் எதையும் எழுதாமல் தொகுதியை மட்டும் பிரித்துக்கொண்டார்கள். 234-ல் தி.மு.க. 174, சுதந்திரா 27, மார்க்சிஸ்ட் 22, மிச்சம் முஸ்லிம் லீக்குக்கும் சோசலிஸ்டுகளுக்கும். தனித்தனிக் கட்சி நடத்திய ம.பொ.சி.யும் சி.பா.ஆதித்தனாரும் உதயசூரியனிலேயே நின்றார்கள். சின்னக் கட்சியைப் பெரிய கட்சியின் சின்னத்தில் நிறுத்தும் இன்றைய பழக்கத்துக்கு அப்போதே முன்மாதிரி இருந்திருக்கிறது.

ஓட்டு சதவீதத்தில் காங்கிரஸ் 41, தி.மு.க. அதைவிட ஒரு இழை கம்மி. இடத்தில் 51-க்கு 137! மதுரை கிழக்கில் கே.பி.ஜானகியம்மாள், மேற்கில் என்.சங்கரய்யா, இருவரும் மார்க்சிஸ்ட். ராமமூர்த்தியும் டெல்லி போனார்.

கூட்டணி அன்றைக்கே உள்ளுக்குள் முடிந்துவிட்டது என்பேன். ஆட்சிக்கு 118 போதும். 137 கையில் இருக்கும்போது 20 இடம் வாங்கிய சுதந்திராவும் 11 இடம் வாங்கிய மார்க்சிஸ்டும் எதற்கு? மந்திரிசபை முழுக்க தி.மு.க. கூட்டணி உடைந்ததற்குக் கொள்கைச் சண்டையே காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நூறோடு நின்றிருந்தால், கூட்டாளிகளைக் கேட்காமல் ஒரு கோப்பும் நகர்ந்திருக்காது.

கொள்கை பிறகுதான் வந்தது, வந்த விதமும் வேறு வேறு. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். விவசாயக் கூலிகளின் சங்கம் மார்க்சிஸ்டுகளுடையது, போலீஸ் தி.மு.க. அரசுடையது. 1969 ஜூலையில் இந்திரா 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். தி.மு.க. வரவேற்றது. தனியார் தொழிலுக்காகவே தொடங்கிய சுதந்திராவால் அதை எப்படி விழுங்க முடியும்? அதே வருஷம் காங்கிரஸ் உடைந்து இந்திரா பெரும்பான்மை இழந்தபோது, தி.மு.க.வின் 25 எம்.பி.க்கள் முட்டுக்கொடுத்தார்கள்.

1971-ல் ராஜாஜி கைகோத்தது பழைய காங்கிரசின் காமராஜரோடு. மார்க்சிஸ்ட் தனியாக நின்று சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட வாங்கவில்லை. தி.மு.க.வுக்கு 184. இந்திரா காங்கிரசுக்குச் சட்டமன்றத்தில் ஒரு தொகுதிகூடத் தராமல், நாடாளுமன்றத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அதில் மதுரையும் ஒன்று. நாலு வருஷம் முன்னால் அரிவாளில் குத்திய அதே தி.மு.க.காரர், இந்த முறை பசுவும் கன்றும் சின்னத்தில் குத்தி ஆர்.வி.சுவாமிநாதனை டெல்லிக்கு அனுப்பினார்.