எடைக்கு வாங்குன டர்போ

ராத்திரி பதினோரு மணி. கிருஷ்ணகிரியில எங்க வீட்டு ஷெட்ல மாருதி 800 இன்ஜின் ஸ்டாண்டுல நிக்குது. 796 சிசி, மூணு சிலிண்டர். டர்போ, அதாவது புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற விசிறி, பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்குனது. அதோட நடுத்தண்டு (ஷாஃப்ட்) லூசா இருக்கான்னு விரலால ஆட்டிப் பாக்காம மட்டும் வாங்கிடாதீங்க.

வெளிக்காத்தோட அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதுக்கு மேல டர்போ அதே அளவு கூடுதல் அழுத்தம் (பூஸ்ட்) குடுத்தா உள்ள போற காத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெட்ரோல் குறைஞ்சாலோ ஸ்பார்க் முந்துனாலோ நாக்கிங்தான் (பெட்ரோல் கலவை தானா வெடிக்குறது), பிஸ்டன் தாங்காது.

போன மாசம் 12 பிஎஸ்ஐ பூஸ்ட்லயே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற அடைப்புத் தகடு) போச்சு. கழட்டிப் பாத்தா ரெண்டாவது, மூணாவது சிலிண்டருக்கு நடுவுல முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. டர்போ தள்ளுற காத்தைக் குளிர வைக்குற இன்டர்கூலர் இல்லாம பூஸ்டை ஏத்தியிருக்கக் கூடாது.

ஓசூர்ல ஹெட்டோட அடிப்பரப்பைச் சமமா சீவி (ஃபேஸிங்), இன்டர்கூலரும் மாட்டியாச்சு. இப்போ 7 பிஎஸ்ஐல நிதானமா ஓடுது. டர்போவோட அந்த விசில் சத்தம் கேட்டு அப்பாவே எழுந்து வந்து நின்னாரு.