விகுதி வந்ததும் சுருதி எங்கே இறங்குகிறது? டோக்கியோ ஜப்பானியத்தைப் பழகிய வழி

ஜப்பானைக் குறிக்கும் ‘நிஹொன்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே சிக்கல் முழுவதும் தெரிந்துவிடும். எழுவாய் உருபான ‘க’ சேர்ந்தால் நிஹொ↓ன் க. ‘ஹொ’ முடிந்ததும் சுருதி, அதாவது குரலின் உயரம், விழுகிறது. ‘உடைய’ என்று பொருள்தரும் ‘நொ’ சேர்ந்தால் விழுவதே இல்லை, கடைசிவரை தட்டையாகப் போகிறது. மொழியைக் குறிக்கும் ‘கொ’ சேர்ந்தாலும் தட்டைதான். ஆளைக் குறிக்கும் ‘ஜின்’ சேர்ந்தாலோ இறக்கம் விகுதிக்கே தள்ளிப்போகிறது: நிஹொன்ஜி↓ன். அகராதியில் சொல்லின் சுருதியை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். விகுதிகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. அவற்றை எந்த வரிசையில் படித்தால் பிடிபடும், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் இரண்டு எச்சரிக்கைகள். கீழே ↓ குறி போட்ட இடத்துக்கு முந்தைய எழுத்து வரை குரல் மேலே இருக்கும், அடுத்த எழுத்தில் கீழே வரும். தமிழ் எழுத்தில் க, த, ப வரிசைகளின் வல்லொலியும் மெல்லொலியும் பிரியாது என்பதால், சரியான ஒலியை ஜப்பானிய அசையெழுத்தான கானாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, இங்கே சொல்வதெல்லாம் டோக்கியோ பேச்சுக்கு. ஒசாகாவுக்கு வேறு கணக்கு.

அடிப்படை அலகு நமக்குப் பழக்கமான மாத்திரைதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒரே வேறுபாடு, நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ‘ன்’ என்ற ஒற்றும் இரட்டிக்கும் மெய்யின் முதல் பாதியும் முழு மாத்திரை. ‘நிஹொன்’ மூன்று மாத்திரை. இறக்கம் முதல் மாத்திரைக்குப் பிறகு வராவிட்டால், முதல் மாத்திரை தாழ்ந்தும் இரண்டாவது உயர்ந்தும் ஒலிக்கும். எங்கே இறங்குகிறது, அல்லது இறங்காமலே போகிறதா என்பது மட்டும்தான் சொல்லுக்குச் சொல் மாறும். ஆகவே 3 மாத்திரைப் பெயர்ச்சொல்லுக்கு 4 வாய்ப்புகள்.

இதில் ஒரு வகை, இறக்கம் கடைசி மாத்திரைக்குப் பிறகு வருவது. சொல் தனியாக நிற்கும்போது அது காதில் விழாது, ஏனென்றால் இறங்குவதற்கு அடுத்த எழுத்தே இல்லை. பூ என்ற ‘ஹன’வும் மூக்கு என்ற ‘ஹன’வும் தனியாகச் சொன்னால் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘க’ சேர்த்ததும் பிரிகின்றன: பூவுக்கு ஹன↓ க, மூக்குக்கு ஹன க தட்டை. சரி, பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது ‘நொ’ வந்து இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடும். கடைசி மாத்திரை இறக்கத்தை அழிப்பது ‘நொ’வின் குணம். ‘நிஹொன்’ போலக் கடைசி மாத்திரை ஒற்றாகவோ நெடிலின் இரண்டாம் பாதியாகவோ இருந்து அதற்கு முன்னால் இறங்கும் சில சொற்களிலும் இதே கதை. நேற்று என்ற ‘கினொ↓ஒ’வும் ‘நொ’ சேர்ந்தால் தட்டையாகிவிடும். ‘அடுத்த’ என்ற ‘த்ஸுகி↓ நொ’ விதிவிலக்கு, அதில் இறக்கம் அப்படியே இருக்கும்.

ஆகவே எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகப் படிக்கக் கூடாது, ‘க’ சேர்த்தே படிக்க வேண்டும். வகைக்கு ஒன்றாக நான்கு சொற்கள் போதும்: மி↓தொரி (பச்சை), ஒக↓ஷி (தின்பண்டம்), ஒதொகொ↓ (ஆண்), ஸகன (மீன், தட்டை). இந்த நான்கையும் ஒவ்வொரு உருபோடும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் உருபின் குணம் வெளியே வரும். ‘வரை’ என்ற ‘மதெ’யை எடுங்கள். மி↓தொரி மதெ, ஒக↓ஷி மதெ, ஒதொகொ↓ மதெ என்று முதல் மூன்றிலும் சொல்லின் இறக்கமே நிற்கிறது. மதெ கீழேயே ஒட்டிக்கொண்டு போகிறது. தட்டைச் சொல்லில் மட்டும் மதெ தன் சொந்த இறக்கத்தைக் காட்டும்: ஸகன ம↓தெ. ஒரு தொடரில் முதலில் வருகிற இறக்கத்துக்கே உரிமை, பின்னால் வருவது அடங்கிப்போகும். ‘விட’ என்ற யொரி, ‘ஆகும்’ என்ற தெஸு, ‘ஆக இருக்கும்’ என்ற தரொஒ எல்லாம் இதே ஜாதி: ஸகன யொ↓ரி, ஸகன தெ↓ஸு, ஸகன தரொ↓ஒ. ‘கு’ அல்லது ‘இல்’ என்ற ‘நி’, பேசும் பொருளைச் சுட்டும் ‘வ’ இரண்டும் தனித்தனியாகத் தட்டைச் சொல்லில் தட்டையாகவே ஒட்டும். சேர்ந்து வந்தால் ஸகன நி↓வ என்று இறங்கும். பாடப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

வினைச்சொல்லில் வேலை அதிகம், ஆனால் நியாயமான வேலை. வினைகள் இரண்டே வகை: தட்டையானவை, இறங்குபவை. இறங்குபவை அகராதி வடிவத்தில் கடைசிக்கு முந்தைய மாத்திரைக்குப் பிறகு இறங்கும் (வீடு திரும்புதல் என்ற க↓எரு போல ஒரு எழுத்து முன்னால் தள்ளியவை சில உண்டு). பழக ஒரு ஜோடி கையில் வேண்டும். ‘வாங்கு’ என்ற கஉ தட்டை. ‘பிராணி வளர்’ என்ற க↓உ இறங்குவது. சுருதியைத் தவிர எல்லா ஒலியும் ஒன்றே என்பதால், விகுதி என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

வினையெச்சம் ஆக்கும் ‘தெ’ சேர்ந்தால் வேறுபாடு நிற்கும்: வாங்கி என்பது கத்தெ தட்டை, வளர்த்து என்பது க↓த்தெ. எதிர்மறை ‘நை’யிலும் நிற்கும்: கவநை தட்டை, கவ↓நை. செயப்பாட்டிலும் அப்படியே: கவரெரு, கவரெ↓ரு. ‘கொண்டே’ என்ற நகர சேர்ந்தால் கஇநகர, கஇந↓கர. ‘ஆல்’ என்ற ‘ப’ சேர்ந்தால் தட்டை வினைக்கும் இறக்கம் வந்துவிடும், ஆனால் இடம் வேறு: வாங்கினால் கஎ↓ப, வளர்த்தால் க↓எப. அதே ‘ஆல்’ பொருள்தரும் ‘தர’வும் இப்படித்தான்: கத்த↓ர, க↓த்தர. இவை ஒரு கூட்டம்.

மறு கூட்டம் வினையின் குணத்தையே மதிக்காதது. தலைவன் மரியாதைப் பேச்சின் ‘மஸு’. எந்த வினையானாலும் இறக்கம் ‘ம’வுக்குப் பிறகுதான்: வாங்குகிறேன், வளர்க்கிறேன் இரண்டும் கஇம↓ஸு. இறந்தகாலம் கஇம↓ஷித, எதிர்மறை கஇமஸெ↓ன், ‘செய்வோமா’ கஇமஷொ↓ஒ. மரியாதை இல்லாத ‘செய்வோம்’ வடிவமும் அப்படித்தான், இரண்டும் கஒ↓ஒ. மஸு வடிவத்திலேயே பேசிப் பழகியவர்களுக்கு வினைகளின் சுருதி வகை தெரியாமலே போவதற்கு இதுதான் காரணம். பல மாதம் பேசியும் ஒரு தடவைகூட அந்த வேறுபாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். நண்பர்கள் பேச்சுக்கு மாறும் நாளில் எல்லாம் ஒரே சமயத்தில் தப்பாகும். அதனால் மஸு வடிவத்தை முதலில் பழகிவிட்டாலும், புது வினையைக் குறித்துக்கொள்ளும்போது அகராதி வடிவத்தையும் தெ வடிவத்தையும் சேர்த்தே குறித்துவைப்பது நல்லது.

தெ வடிவத்தில் ஒரு குழி இருக்கிறது. ‘தபெ↓ரு’ (சாப்பிடு) போன்ற ‘ரு’ உதிரும் வினைகளில் இறக்கம் ஒரு மாத்திரை முன்னால் நகரும்: த↓பெதெ, த↓பெத. ‘ஷிரபெ↓ரு’ ஷிர↓பெதெ ஆகும். மற்ற வினைகளில் நகராது: ‘ஹந↓ஸு’ (பேசு) ஹந↓ஷிதெ என்றே நிற்கும். அகராதி வடிவத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டு ‘தபெ↓தெ’ என்று சொல்வது எல்லாரும் செய்யும் தவறு.

‘விரும்பு’ என்ற ‘தை’யைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பழைய முறையில் தட்டை வினைக்கு கஇதை தட்டை, மற்றதற்கு கஇத↓இ. இன்றைய பேச்சில் இரண்டையும் இறக்கியே சொல்வது பரவலாகக் கேட்கிறது. பெயரடைகளிலும் இதே கலப்பு நடக்கிறது. விகுதியோடு பார்த்தால், ‘சிவப்பான’ என்ற தட்டைச் சொல் அகஇ, இறந்தகாலத்தில் அக↓கத்த. ‘உயரமான’ என்ற தக↓இ வகை இறங்கும் சொற்களில் பழைய முறைப்படி இறக்கம் ஒரு மாத்திரை முன்னே போய் த↓ககத்த ஆகும், இளையவர்கள் தக↓கத்த என்று விட்டுவிடுவதும் உண்டு. எதைச் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெயர்ச்சொல்லின் பின்னால் வரும் சீன மூல விகுதிகள்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே மனப்பாடம் சொல்லுக்கு அல்ல, விகுதிக்குத்தான். முன்சொல்லின் சுருதி என்னவாக இருந்தாலும் கவலையில்லை. ‘கொ’ (மொழி), ‘தெகி’ (சார்ந்த), ‘க’ (ஆக்கம்), ‘ஜூ’ (முழுதும்) ஆகியவை எல்லாவற்றையும் தட்டையாக்கும். தொஇத்ஸு என்ற ஜெர்மனி தொ↓இத்ஸு என்று இறங்கும், தொஇத்ஸுகொ தட்டை. தமிருகொ, அதாவது தமிழ், அதுவும் தட்டை. இன்னொரு கூட்டம் தனக்கு முன்னால் இறக்கத்தை இழுத்துக்கொள்ளும்: ‘எகி’ (ரயில் நிலையம்), ‘ஷி’ (நகரம்), ‘கென்’ (மாநிலம்), ‘ஜின்’ (ஆள்). ஷிபுய தட்டை, ஷிபுய↓எகி இறங்கும். யொகொஹம தட்டை, யொகொஹம↓ஷி. இன்தொ↓ஜின் இந்தியர், ஸுரிரன்க↓ஜின் இலங்கையர். விகுதிக்கு முந்தைய மாத்திரை நெடிலின் இரண்டாம் பாதியோ ஒற்றோ என்றால் அங்கே இறங்க முடியாது, ஒரு மாத்திரை முன்னே போகும்: தொஉகியொ↓உஎகி. அந்த வழியில் பார்த்தால் ஜப்பானியரை ‘நிஹொ↓ன்ஜின்’ என்றுதான் சொல்ல வேண்டும். நிஹொன்ஜி↓ன் என்பது விதிவிலக்கு. ‘ஸன்’ என்ற மரியாதை விகுதி ஒன்றையும் தொடாது: தனக தட்டையென்றால் தனகஸன் தட்டை, ஸ↓தொஉ என்றால் ஸ↓தொஉஸன்.

எண்களில் ‘மணி’ என்ற ‘ஜி’ நல்ல பிள்ளை: 1 முதல் 12 வரை எல்லா மணிக்கும் இறக்கம் ‘ஜி’க்கு முன்னால்தான், 3 மணியில் ஒற்று காரணமாக ஸ↓ன்ஜி, 10 மணியில் நெடில் காரணமாக ஜு↓உஜி. மாதம் என்ற ‘கத்ஸு’வில் 3, 5, 9 ஆகிய மாதங்கள் முதல் மாத்திரையில் இறங்கும் (ஸ↓ன்கத்ஸு, கொ↓கத்ஸு, கு↓கத்ஸு), மற்ற ஒன்பதும் கடைசியில் இறங்கும், ஆகவே ‘க’ உருபு சேர்த்தால்தான் தெரியும்.

பயிற்சி முறை எளிது. ஒரு விகுதி, ஐந்து சொல், ஒரு நாள். முதலில் சொற்களை நீக்கிவிட்டு ‘ம்’ என்று முணுமுணுங்கள். மேல், கீழ் வடிவம் மட்டும் வரட்டும். பிறகு அதே வடிவத்தில் எழுத்தைப் பொருத்துங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ப்ராட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் பதிவைத் திறந்தால் சுருதிக்கோடு தெரியும். சுருதி எல்லையை ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோடு தாறுமாறாகத் தாவும். ‘மஸு’வின் உகரம் மூச்சாகத் தேய்ந்துவிடுவதால் அங்கே கோடு அறுந்திருக்கும், அது உங்கள் தவறு அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ‘ஓஜாட்’ இணைய அகராதி இருக்கிறது. வினைகளின் எல்லா வடிவங்களையும் ஆண், பெண் குரல்களில் கேட்கலாம். முழு வாக்கியத்தை ஒட்டினால் சுருதி வளைவு வரையும் வசதியும் உண்டு, ஆனால் கான்ஜி என்ற சீன மூல எழுத்தைத் தவறாகப் படித்துவிடக்கூடும், அப்போது வளைவும் தவறாகிவிடும்.

தமிழ்ப் பேச்சுப் பழக்கத்தால் வரும் பிழைகள் மூன்று. இறங்கும் எழுத்தை அழுத்திச் சொல்லி நீட்டிவிடுவது முதலாவது. ‘ஹ↓ஷி’ (சாப்பிடும் குச்சி) ‘ஹாஷி’ ஆனால் மாத்திரைக் கணக்கே கெட்டுவிடும். சத்தம் கூட வேண்டாம், குரல் உயரம் மட்டும் மாறினால் போதும். இரண்டாவது, உருபைத் தனிச் சொல்லாக எடுத்து அங்கே மறுபடி சுருதியைத் தொடங்குவது. மூன்றாவது, தட்டைச் சொல்லை முடிக்கும்போது பழக்கத்தில் குரலை இறக்குவது. ‘ஸகன க’ என்று பதிவுசெய்து ‘க’ எழுத்தில் கோடு ‘ன’வின் உயரத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் கேட்பவருக்கு அது ‘ஒதொகொ↓ க’ வகைச் சொல்லாகவே கேட்கும்.