சாயாக்கடையில் ஓடிய வீடியோ

மார்த்தாண்டத்தில் நேற்று சாயங்காலம் சரியான மழை. சாயாக்கடையில் ஒதுங்கி நின்றபோது சித்தி மகன் போனை நீட்டினான். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "ஆளு கொள்ளாம், இல்லியாண்ணே?" என்றான்.

ஆளை எனக்குத் தெரியும். கேவின் மெக்கின்னஸ். 1994-ல் கனடாவின் மாண்ட்ரியலில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு இலவசப் பத்திரிகை ஆரம்பித்தார். அரசின் வேலைவாய்ப்பு உதவிப் பணத்தில் பிறந்த பத்திரிகை அது. அப்புறம் 'வைஸ்' என்று பெயர் மாறி, நியூயார்க் போய், உலகம் முழுக்கப் பரவியது. யாரையாவது சீண்டுவதுதான் அவருடைய பாணி. அப்போது அதற்கு நகைச்சுவை என்று பெயர்.

2008-ல் அங்கிருந்து வெளியேறினார். சீண்டல் மட்டும் கூடவே போனது. 2016-ல் 'ப்ரவுட் பாய்ஸ்' என்ற தீவிர வலதுசாரி ஆண்கள் அமைப்பைத் தொடங்கினார். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் அவர் பேசிய கூட்டம் முடிந்ததும் ப்ரவுட் பாய்ஸ் ஆட்கள் தெருவில் அடிதடி. நவம்பரில் "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்கிற மாதிரி ஒதுங்கிக்கொண்டார். (நம்ம ஊர் அண்ணாச்சிகளிடம் பார்க்காததா!) 2021-ல் கனடா அந்த அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அன்று பத்திரிகை தொடங்கப் பணம் கொடுத்ததும் அதே கனடாதான்.

அவர் விட்டுப்போன வைஸ் 2023-ல் திவால் மனு போட்டது, அது தனிக்கதை.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். தம்பி பழபஜ்ஜியில் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றிக்கொண்டே, "ஆனாலும் நல்லா பேசுதாருண்ணே" என்றான். மழை விடவில்லை. இன்னொரு சாயா சொன்னேன்.